தாளில் ஒரு கோடு

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். காப்பி வந்தது. அதையும் நின்றுகொண்டே குடித்தார்.

"ஒரு வாரமாகத் தூக்கமில்லை, சார். கொல்கத்தாவுக்குப் பிரமோஷன் வந்திருக்கிறது. ராத்திரி படுக்கும்போது போய்விடலாம் என்று தோன்றுகிறது. விடிந்தால் வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

கதை எழுதுகிறவனிடம் வந்து இந்த மாதிரி யோசனை கேட்பது அபாயமான காரியம். எங்கள் கதாபாத்திரங்களை நாங்கள் நினைத்த ஊருக்கு ரெயிலேற்றி அனுப்பிவிடுவோம். டிக்கெட்டுக்கு நாங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. போன இடத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்ததா என்றும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆகையால் என் சொந்த யோசனையை விழுங்கிவிட்டு, 1772-ம் வருஷத்தில் ஒரு பெரியவர் தம் சிநேகிதருக்குச் சொன்ன யோசனையை அவரிடம் சொன்னேன். "ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். போவதற்கு உள்ள காரணங்களை இடது பக்கம் எழுதுங்கள். போகாமலிருப்பதற்கு உள்ள காரணங்களை வலது பக்கம் எழுதுங்கள். மூன்று நான்கு நாள் எழுதிக்கொண்டே இருங்கள். பிறகு பார்க்கலாம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளும் கையுமாக வந்தார். இடது பக்கத்தில் பதினேழு காரணங்கள். சம்பளம், குவார்ட்டர்ஸ், பெண்ணின் கல்லூரிப் படிப்பு, இன்னும் ஐந்து வருஷத்தில் வரக்கூடிய மேல் உத்தியோகம் என்று வரிசையாக, அழகான கையெழுத்தில் இருந்தன. வலது பக்கத்தில் இரண்டே இரண்டு: பாஷை தெரியாது, மீன் வாசனை.

படித்துவிட்டு, "அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லையே?" என்று கேட்டேன். கும்பகோணத்தில் அவருடைய தாயார் எண்பது வயதில், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு வேலைக்காரியை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

நண்பர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை, சார்" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாள் யோசனையைச் சொன்ன பெரியவர் வாழ்க்கையிலும் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெரியவர் வேறு யாருமில்லை, பெஞ்சமின் பிராங்க்ளின். இடியிலும் மின்னலிலும் இருப்பது மின்சாரமே என்று காட்டியவர், அச்சுத் தொழிலாளி, பத்திரிகாசிரியர், அமெரிக்கக் குடியரசை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். யோசனை கேட்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இவர் ஒரு பாதிரியார், விஞ்ஞானி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தார். பக்கத்தில் பீர் காய்ச்சும் சாலை ஒன்று இருந்தது. அங்கே தொட்டிகளின் மேல் மிதந்த வாயுவை வைத்துக்கொண்டு பரீட்சைகள் செய்து, அதைத் தண்ணீரில் கரைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கோலி சோடா குடிக்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தப் பாதிரியாருக்குக் கடன்பட்டவர்கள்.

லீட்ஸில் பிரீஸ்ட்லிக்குச் சம்பளம் வருஷத்துக்கு 100 கினியும் ஒரு வீடும். பெண்டு பிள்ளைகளோடு கூடிய சம்சாரிக்கு அது இழுபறிதான். அந்தச் சமயத்தில் ஷெல்பர்ன் பிரபு ஆள் அனுப்பினார். பிரபுவின் புத்தகசாலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அவர் பிள்ளைகளின் படிப்பை மேற்பார்வை பார்க்க வேண்டும். வருஷத்துக்கு 250 பவுன், வீடு. சம்பளம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? சுதந்திரம் போய்விடுமோ, பெரிய மனிதர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டி வருமோ என்ற கவலை வேறு. லண்டனில் இருந்த பிராங்க்ளினுக்கு எழுதிக் கேட்டார்.

பிராங்க்ளின் 1772 செப்டம்பர் 19-ந் தேதி பதில் எழுதினார். 'போ' என்றும் சொல்லவில்லை, 'போகாதே' என்றும் சொல்லவில்லை. விவரம் முழுதும் தெரியாமல் எதைச் செய்வது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படித் தீர்மானிப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நம் கஷ்டத்துக்குக் காரணம் என்ன? எல்லாக் காரணங்களும் ஒரே சமயத்தில் மனசில் வந்து நிற்பதில்லை. ஒரு கூட்டம் வந்தால் மற்றது மறைந்துவிடுகிறது. ராத்திரி வந்த காரணம் காலையில் இருப்பதில்லை. அதனால்தான் மனம் ஊசலாடுகிறது. எனவே தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுது. அவசரப்படாமல் மூன்று நான்கு நாள் எழுது. பிறகு எடை போடு. இந்தப் பக்கத்துக் காரணம் ஒன்றும் அந்தப் பக்கத்துக் காரணம் ஒன்றும் சமமாக இருந்தால் இரண்டையும் அடித்துவிடு. இந்தப் பக்கத்து ஒன்றுக்கு அந்தப் பக்கத்து இரண்டு சமமானால் மூன்றையும் அடி. இப்படி அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எந்தப் பக்கம் மீதி நிற்கிறது என்று தெரியும். இன்னும் ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார். புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால் அதன்படி நட.

நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமும் எழுதி நேர் பண்ணுகிறார்களே, ஏறக்குறைய அதுதான். பிராங்க்ளின் இதற்கு அல்ஜீப்ரா என்று கௌரவமாகப் பெயர் வைத்தார். காரணங்களைப் பவுன், ஷில்லிங் போல் துல்லியமாக நிறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆனால் எல்லாவற்றையும் கண்ணுக்கு முன்னால் ஒருசேரப் பார்க்கும்போது மனிதன் அவசரப்பட்டுக் கால் வைப்பது குறைகிறது என்பது அவருடைய அநுபவம். 1779-ல் பேரன் முறையாக வேண்டிய ஓர் உறவுக்காரப் பிள்ளைக்குக் கல்யாண விஷயத்திலும் இந்தக் கணக்கையே சிபார்சு செய்தார். இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் உனக்குக் கல்யாணமே ஆகாது என்று பரிகாசமும் பண்ணினார்.

பிரீஸ்ட்லி பிரபுவின் உத்தியோகத்தை ஒப்புக்கொண்டு 1773-ல் குடிபெயர்ந்தார். தப்பாகப் போகவில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி, பிரபுவின் பவுவுட் மாளிகையில், பெரிய பூதக்கண்ணாடி ஒன்றால் சூரிய வெப்பத்தைக் குவித்துச் சிவப்புப் பாதரசப் பொடி ஒன்றைச் சுட்டார். அதிலிருந்து ஒரு காற்று வந்தது. அதில் மெழுகுவத்தி பிரமாதமாக எரிந்தது. அதுதான் பிராணவாயு.

ஆனால் இந்த மனிதரைப் பாருங்கள். தாம் கையில் பிடித்த பிராணவாயுவின் அர்த்தம் அவருக்குக் கடைசி வரையில் புலப்படவில்லை. எரிகிற பொருளிலிருந்து 'பிளாஜிஸ்டன்' என்று ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. பாரிஸில் லவாய்ஸியர் தராசு வைத்து நிறுத்து, எதுவும் வெளியேறவில்லை, காற்றிலிருந்து ஒன்று வந்து சேருகிறது என்று காட்டிவிட்டார். ஐரோப்பாவின் ரசாயன சாஸ்திரிகள் ஒவ்வொருவராக லவாய்ஸியர் பக்கம் போனார்கள். பிரீஸ்ட்லி மட்டும் அசையவில்லை. 1800-ல்கூடப் பிளாஜிஸ்டனை ஸ்தாபித்து ஒரு புத்தகம் போட்டார். 1804-ல் அந்த நம்பிக்கையோடேயே கண்ணை மூடினார். சம்பளம், வீடு, சுதந்திரம் எல்லாவற்றையும் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதும் வழி தெரிந்தவருக்குத் தாம் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த கொள்கைக்கு எதிராக ஒரு வரி எழுதக் கை வரவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் நாவல் ஒன்றில் இரண்டாம் பாகம் அநாவசியம் என்று சிநேகிதர்கள் சொல்லிப் பல வருஷமாகிறது. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவர் சார்லஸ் டார்வின் என்று சொல்லலாம். தம் முடிவுக்கு விரோதமான ஒரு செய்தியைப் படித்தாலோ, ஒரு நினைப்பு மனசில் வந்தாலோ, அந்த க்ஷணமே தவறாமல் குறித்து வைத்துக்கொள்வார். சாதகமான விஷயங்கள் தாமாகவே ஞாபகத்தில் நிற்கும். பாதகமானவைதாம் சீக்கிரம் மறந்து போகும் என்று அநுபவத்தில் கண்டிருந்தார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பென்ஸிலும் துண்டுக் காகிதமும் போதும். ஆனால் எத்தனை பேர் செய்கிறார்கள்? கடன் வாங்கினவன் தேதியை மறப்பதும் கொடுத்தவன் ஞாபகம் வைத்திருப்பதும் உலக வழக்கம். டார்வின் தமக்குத் தாமே கடன் கொடுத்தவராகவும் இருந்தார்.

அதே டார்வின் 1838-ல், 29 வயதில், தாளில் கோடு போட்டுக் கல்யாணக் கணக்கும் பார்த்தார். செய்துகொண்டால்: குழந்தைகள், வயசான காலத்தில் துணை, வீட்டைக் கவனிக்க ஒருத்தி, எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல்! செய்துகொள்ளாவிட்டால்: இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம், கெட்டிக்காரர்களுடன் பேசலாம், புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சும், உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கடைசியில் கல்யாணம், கல்யாணம், கல்யாணம் என்று மூன்று தடவை எழுதி, கேத்திர கணிதத்தில் போடுவதுபோல் நிரூபணமாகிவிட்டது என்றும் போட்டார். நவம்பரில் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டிடம் போய்ச் சம்மதம் கேட்டார். 1839 ஜனவரி 29-ந் தேதி விவாகம் நடந்தது. நம் பக்கத்தில் இதற்குக் காகிதமே தேவைப்பட்டிராது. பாட்டி ஒருத்தி போதும்.

விசேஷம் என்னவென்றால், பின்னால் டார்வினை வருஷக் கணக்காக வாட்டிய கவலை அந்தத் தாளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பத்துக் குழந்தைகள் பிறந்தன. மூன்று சிறு வயதிலேயே போயின. செல்லப் பெண் ஆனி 1851-ல் பத்து வயதில் இறந்தாள். நெருங்கிய ரத்த சம்பந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் சந்ததி பலவீனப்பட்டதோ என்ற நினைப்பு அவரை அரித்தது. அதை அவர் மனசுக்குள் போட்டுப் புதைக்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம். 1871-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் மாமன் மகள், அத்தை மகன் விவாகங்களைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி ஒரு பார்லிமெண்டு மெம்பரைத் தூண்டினார். சபையில் அது தோற்றது. பிறகு அவருடைய பிள்ளை ஜார்ஜ் தாமே கணக்குகள் சேகரித்து 1875-ல் வெளியிட்டார். பயந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்று முடிவாயிற்று. தன் கல்யாணம் சரியா என்று தன் பிள்ளையைக்கொண்டே கணக்குப் பார்க்கச் செய்த தகப்பன் உலகத்தில் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியாது.

பிராங்க்ளினிடம் திரும்புவோம்.

மனித புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் இளம் வயதிலேயே பார்த்துவிட்டார். பதினாறு வயது சுமாருக்கு ஒரு புத்தகத்தைப் படித்து மாமிச போஜனத்தை விட்டிருந்தார். 1723-ல் வீட்டைவிட்டு ஓடிப் பாஸ்டனிலிருந்து கப்பலேறினார். வழியில் காற்று நின்று கப்பலும் நின்றது. மாலுமிகள் காட் என்ற மீனைப் பிடித்து வறுத்தார்கள். முன்பெல்லாம் மீன் என்றால் அவருக்கு உயிர். வாணலியிலிருந்து வாசனை வருகிறது. (என் நண்பருக்கு ஆகாத அதே வாசனைதான்.) கொள்கை ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். அப்போது ஒரு ஞாபகம் வந்தது: மீனைக் கீறியபோது அதன் வயிற்றில் சின்ன மீன்கள் இருந்தனவே! மீன் மீனைத் தின்னலாம் என்றால் நாம் ஏன் மீனைத் தின்னக்கூடாது? பிறகென்ன, திருப்தியாகச் சாப்பிட்டார். பகுத்தறிவுள்ள பிராணியாகப் பிறந்ததில் எவ்வளவு சௌகரியம், எதைச் செய்ய ஆசைப்பட்டாலும் அதற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று வயசான காலத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்படித் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவராகையால் அவர் புத்தியை நம்பிச் சும்மா இருக்கவில்லை. அதற்குக் கடிவாளங்கள் போட்டார். 1727-ல் பிலடெல்பியாவில் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களுமான சிநேகிதர்களைச் சேர்த்து 'ஜன்டோ' என்ற சங்கம் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கூடுவார்கள். எதைப் பற்றியும் பேசலாம். ஆனால் 'நிச்சயம் இப்படித்தான்' என்று அடித்துப் பேசினாலும், 'நீ சொல்வது தப்பு' என்று முகத்துக்கு நேரே மறுத்தாலும் அபராதம்! சில்லறைக் காசுதான். இருந்தாலும் காசு காசுதானே? 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று சொல்ல வேண்டும். தோன்றுகிறது என்று சொல்லிப் பழகினவனுக்குத் தப்பு என்று தெரிந்தபின் பின்வாங்குவது அவ்வளவு அவமானமாக இருப்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணப் பந்தல்களில் இந்த அபராதத்தை ஏற்படுத்தினால் சத்திரத்து வாடகையை வசூல் செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். (நிச்சயமாகச் சொல்லவில்லை, தோன்றுகிறது.)

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்குத்தான் அது நேர்ந்தது.

1721-ல், பிராங்க்ளினுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, பாஸ்டனில் பெரியம்மை வந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஒரு கப்பலில் இறங்கியது. ஏறக்குறைய 11,000 ஜனங்கள் உள்ள ஊர். அதில் சுமார் 6,000 பேருக்கு அம்மை போட்டது. 844 பேர் மாண்டார்கள். பசுவின் அம்மைப்பாலைக்கொண்டு குத்தும் முறையை ஜென்னர் கண்டுபிடித்தது 1796-ல். அதற்கு இன்னும் எழுபத்தைந்து வருஷம் இருந்தது. ஆனால் அதற்கு முந்திய முறை ஒன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வழங்கி வந்தது. அம்மை கண்டவனின் கொப்புளத்திலிருந்து பாலெடுத்து, நல்ல தேகத்தில் கீறி வைப்பார்கள். அம்மை வரும், ஆனால் லேசாக வரும், பிறகு ஆயுளுக்கும் வராது. பாஸ்டனில் காட்டன் மேதர் என்ற பாதிரியாருக்கு இதைச் சொன்னவன் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. தனக்கே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கையைக் காட்டினான். பாதிரியார் ஊர் வைத்தியர்களுக்கெல்லாம் எழுதினார். துணிந்தவர் ஒரே ஒருவர், ஸாப்டீல் பாயில்ஸ்டன். ஜூன் மாதம் 26-ந் தேதி அவர் முதலில் கீறி வைத்தது யாருக்குத் தெரியுமா? தம் சொந்தப் பிள்ளைக்கு; ஆறு வயதுக் குழந்தைக்கு. கூட வீட்டு அடிமைகள் இருவருக்கு. அந்த இருவரைச் சம்மதம் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் கொதித்தது. நல்ல தேகத்தில் விஷத்தை ஏற்றுவதா, தெய்வத்தின் காரியத்தில் மனிதன் கை வைப்பதா என்று கூச்சல். மேதரின் வீட்டுக்குள் ஒருவன் வெடிகுண்டு எறிந்தான், நல்லவேளை, வெடிக்கவில்லை. பாயில்ஸ்டனைப் பத்திரிகையில் கிழித்தவர்களுக்கு இடங்கொடுத்தது 'நியூ இங்கிலாந்து கூரன்ட்'. அதை நடத்தியவர் பிராங்க்ளினின் தமையன் ஜேம்ஸ். அந்த அச்சாபீஸில் எடுபிடிப் பையன் நம் பெஞ்சமின். எதிர்ப்புக் கட்டுரைகளின் மை அவன் கையிலும் ஒட்டியிருக்கும்.

கொள்ளைநோய் ஓய்ந்த பிறகு பாயில்ஸ்டன் கணக்குக் காட்டினார். தானாக அம்மை கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் சாவு. கீறி வைத்துக்கொண்டவர்கள் 240-க்கு மேல். இறந்தவர் 6 பேர். அதாவது நாற்பது பேருக்கு ஒருவர். தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுவதற்கு இதைவிட நல்ல கணக்கு உண்டா?

பிராங்க்ளின் வளர்ந்து, பிலடெல்பியாவில் சொந்தமாகப் 'பென்ஸில்வேனியா கெஜட்' என்ற பத்திரிகை நடத்தியபோது அந்தக் கணக்கின் பக்கம் வந்துவிட்டார். தமையனின் கட்சியை விட்டார். அம்மை குத்திக்கொள்வதற்குச் சாதகமான செய்திகளை 1730-லும் 1731-லும் தம் பத்திரிகையில் போட்டார். 1732-ல் அவருக்கும் மனைவி டெபோராவுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரான்ஸிஸ் என்று பெயர். பிராங்கி என்று கூப்பிட்டார்கள்.

1736-ல் பிலடெல்பியாவில் அம்மை பரவியது. பிராங்கிக்குக் குத்தியாக வேண்டும் என்று தகப்பனாருக்குத் தெரியும். ஊருக்கே எடுத்துச் சொன்னவர் அல்லவா? ஆனால் அந்தச் சமயத்தில் குழந்தைக்கு வயிற்றுக் கடுப்பு. இளைத்திருந்தான். கொஞ்சம் தேறட்டும், உடம்பில் தெம்பு வரட்டும், பிறகு குத்தலாம் என்று இருந்தார்கள்.

இதில் என்ன தப்பு? நீங்களோ நானோ வேறு விதமாகச் செய்திருப்போமா? சளி பிடித்த குழந்தையைத் தலைமுழுக்காட்டக்கூட நம் வீட்டுப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தபோது என் பாட்டி என் தம்பியை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். 'ஜுரம் விட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு, குழந்தை தாங்காது' என்பது அவள் கட்சி. என் இடது தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, தம்பிக்குக் கிடையாது. அவன் தப்பித்தது பாட்டியின் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, ஊரில் மற்ற எல்லோரும் குத்திக்கொண்டதால். 1980-ல் உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பாட்டி சாகும் வரையில் தான் செய்தது சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிராங்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அம்மை முந்திக்கொண்டது. நவம்பர் 21-ந் தேதி குழந்தை இறந்துபோயிற்று.

ஊரில் உடனே ஒரு வதந்தி கிளம்பிற்று. பத்திரிகையில் பிரசாரம் செய்தாரே, தம் பிள்ளைக்கே குத்திக் கொன்றுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுச் சில பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்குக் குத்தப் பயந்தார்கள். பிள்ளை போன சோகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் அவரைக் குறை சொல்லியிருப்பார்கள்? டிசம்பர் மாத முடிவில் பிராங்க்ளின் தம் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார். என் பிள்ளைக்கு அம்மை குத்தவில்லை. சாதாரணமாகத் தொற்றித்தான் வந்தது. வயிற்றுக் கடுப்பிலிருந்து தேறியதும் குத்துவதாகத்தான் இருந்தேன் என்று. நாலைந்து வாக்கியங்களுக்குமேல் இல்லை. அச்சுக் கோக்கிறவனுக்கு எழுத்து எழுத்தாகக் கையில் எடுத்துத்தான் எந்த வாக்கியமும் உண்டாகிறது. அதில் தொழில் பழகினவர் அவர்.

இப்போது தாளையும் கோட்டையும் நினைத்துப் பாருங்கள். குத்துவதால் வரக்கூடிய அபாயம் ஒரு பக்கம். குத்தாமல் இருப்பதால் வரக்கூடிய அபாயம் மற்றப் பக்கம். எண்ணிக்கையில் இரண்டாவதுதான் பெரிது. அது அவருக்குத் தெரியும். ஆனால் முதலாவதைத் தகப்பன் தன் கையால் செய்ய வேண்டும். இரண்டாவது தானாக வருவது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. மாரியம்மன் கொண்டுபோனாள் என்று நாம் சொல்லிக்கொள்கிற மாதிரி அவர்களுக்கும் ஒரு வார்த்தை இருந்தது. ஆகவே இரண்டாவது பக்கத்தில் எழுத வேண்டியதை எவரும் எழுதுவதேயில்லை. கும்பகோணத்துத் தாயாரை எந்தப் பக்கம் எழுதுவது என்று என் நண்பர் திகைத்தாரே, அதே திகைப்புத்தான்.

பிராங்க்ளின் பின்னால் பிறந்த பெண்ணுக்கு அம்மை குத்தத் தவறவில்லை. 1759-ல் லண்டனில் இருந்தபோது, ஹெபர்டன் என்ற பெயர்பெற்ற வைத்தியரோடு சேர்ந்து அம்மை குத்துவதைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் கொண்டுவந்தார். புள்ளிவிவரங்களை இவர் எழுதினார்; செய்முறையை வைத்தியர் எழுதினார். பணம் கொடுத்து வைத்தியரைக் கூப்பிட முடியாத ஏழைகள் தாமே செய்துகொள்ளட்டும் என்று இலவசமாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஊருக்காகச் செய்த இந்தக் காரியத்திலும் அவர் மனசிலிருந்து பிராங்கி இறங்கவில்லை. 1772 ஜனவரியில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், பேரப் பையனைப் பற்றி வந்த சேதிகள் பிராங்கியை ஞாபகப்படுத்துகின்றன என்றும், முப்பத்தாறு வருஷமாகியும் அவனைப் பெருமூச்சு விடாமல் நினைக்க முடியவில்லை என்றும் எழுதினார். எட்டு மாதம் கழித்து அதே மனிதர், அதே லண்டன் வீட்டிலிருந்து, பிரீஸ்ட்லிக்குக் கோடு போடச் சொல்லிக் கடிதம் எழுதினார். அல்ஜீப்ரா என்று பெயர் வைத்தபோது அவர் கை நடுங்கிற்றா என்று கேட்க நான் விரும்பவில்லை. நாவலாசிரியன் என்பதற்காக எல்லாக் கடிதத்துக்குள்ளும் புகுந்து பார்க்கக் கூடாது.

1788-ல் அவருக்கு 82 வயது. கல்லடைப்பு நோயினால் ஓயாத வேதனை. சுய சரித்திரத்தின் பிற்பகுதியை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. தாண்டிப் போயிருக்கலாம், எத்தனையோ விஷயங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறார். இதைத் தாண்டவில்லை. நாலு வயது அருமைப் பிள்ளையை அம்மையில் பறிகொடுத்ததையும், அவனுக்குக் குத்தாமல் விட்டதற்காக அன்று வருந்தினதையும் இன்றும் வருந்துவதையும் எழுதினார். எதற்காக இதைச் சொல்கிறார் என்பதையும் எழுதினார். குத்தி அதனால் குழந்தை இறந்துவிட்டால் தங்களைத் தாங்களே மன்னிக்க முடியாது என்று அஞ்சிச் சும்மா இருக்கிற பெற்றோர்களுக்காகத்தான். குத்தாமல் விட்டு இழந்தாலும் வருத்தம் அதேதான். அது எனக்குத் தெரியும். ஆகையால் அபாயம் குறைந்த வழியைத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, காலியாக இருந்த அந்தப் பக்கத்தில் தம் கையாலேயே எழுதிவிட்டார். அவருக்கு இனிமேல் அதனால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. 1790 ஏப்ரலில் அவரும் போய்விட்டார்.

இந்த இடத்தை என் நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது. அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதை எழுதுகிறவனிடம் முடிவைக் கேட்பது வாசகர்களின் உரிமையாகையால் சொல்லிவிடுகிறேன். அவர் கொல்கத்தாவுக்குத்தான் போனார். ஆனால் ஆறு மாதம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, தாயாருக்குக் கண் சிகிச்சையை முடித்து, அவரையும் கூட அழைத்துக்கொண்டு போனார். அங்கே பால் நன்றாயில்லை என்று கிழவிக்கு ஓயாத குறை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் வாசித்து முடித்ததும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குழந்தையின் சமாதி இருக்கிறதா, சார்?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. பிலடெல்பியாவில் கிறைஸ்ட் சர்ச் இடுகாட்டில் பிராங்க்ளினுக்கும் டெபோராவுக்கும் சேர்த்துப் பெரிய கல் ஒன்று படுக்கையாகக் கிடக்கிறது. சிக்கனத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர் என்பதற்காக, பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் செப்புக் காசுகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே சின்னக் கல் ஒன்று. அதில் பிள்ளையின் பெயரையும், வயதை வருஷம், மாதம், நாள் என்று கணக்கிட்டும் பொறித்திருக்கிறார்கள்.